மூடாத முதிரைப் பெட்டி

என் கணவர் டுபாய்க்குப் போன மார்கழியில் எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு கிற்றார் முகமில்லாமல் தொங்கியது. முதுகும் இடுப்பு வளைந்த இரண்டு பக்கங்களும் ஒட்டியாகிவிட்டன. மேலே வரவேண்டிய முகப்பலகை மட்டும் பழைய படுக்கை விரிப்பொன்றில் சுற்றி அலுமாரிக்கு மேல் கிடந்தது. கழுத்து இன்னும் சதுரக் கட்டையாகவே இருந்தது. இன்னும் இரண்டு கிழமை நின்றிருந்தால் முடித்திருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நின்றிருந்தாலும் முடித்திருக்கமாட்டார். மாரி மழைக்காலத்தில் கிற்றார்ப் பெட்டியை மூடுகிற ஆள் அவர் இல்லை.

திருகோணமலையில் கார்த்திகையும் மார்கழியும் போத்தலுக்குள் இருக்கிற உப்பே கரைந்து நிற்கும். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் மரம் குடித்து ஊதிவிடும். கதவுகள் இறுகும், மேசை லாச்சியை இழுத்தால் வராது. அந்தக் கோலத்தில் முகப்பலகையை ஒட்டிப் பெட்டியை மூடினால், வைகாசியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து காய்ந்து வீசத் தொடங்கியதும் மரம் சுருங்கப் பார்க்கும். சுற்றிவரப் பசை பிடித்திருக்கும்போது அது எங்கே சுருங்குவது? நடுவில் வெடித்துவிடும். அவர் செய்த முதல் கிற்றாருக்கு அதுதான் நடந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பாடகர் குழுவிடம் கொடுக்கவேண்டும் என்று அந்தரப்பட்டுத் தை மழைக்குள் மூடிவிட்டார். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, சுவாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது, சுவரில் சாத்தியிருந்த கிற்றார் படாரென்று பிளந்தது. சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நாங்கள் இருந்த வாங்கைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து, கச்சான் தொடங்கி இரண்டு கிழமை போனபிறகே பெட்டி மூடுவது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆகவே பஸ் ஏறும்போது அவர் சொன்னது ஒன்றுதான். கச்சானுக்கு லீவில் வருவேன், வந்து மூடுவோம், அதுவரைக்கும் அதில் கை வைக்கவேண்டாம். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. பெட்டி திறந்து கிடக்கும்வரை இந்த மனுசன் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பொம்பிளையை மறந்தாலும் மறப்பார், அரைகுறையாக விட்ட வேலையை மறக்கமாட்டார்.

அவர் கதிரை, மேசை, கதவு செய்கிற தச்சர். நான் அவற்றுக்குப் பொலிஷ் அடிக்கிறவள். பாலையூற்றில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதுதான் பட்டறை. கிற்றார் செய்வது அவருக்குச் சீவியத்துக்கல்ல, ஆசைக்கு. மொத்தம் ஆறோ ஏழோ செய்திருப்பார், எல்லாம் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. தனக்கென்று ஒன்று இருந்ததில்லை. பூசைக்கு இரவல் கிற்றாரில் வாசிப்பார். அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் நான் அவரைக் கட்டினேன். ஆள் பார்வைக்கு அப்படியொன்றும் இல்லை. அதே காணியில் கூரை போடாமல் நின்ற புது வீட்டுக்காகத்தான் டுபாய் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரும் கேட்டால் இதைச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவேன், இங்கேயும் அப்படித்தான்.

தனக்கென்று செய்கிற கிற்றாருக்கு மரம் தேடியே இரண்டு வருசம் போக்கினார். முதுகுக்கும் பக்கங்களுக்கும் முதிரை. உள்துறைமுக வீதியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, நூறு வருசம் யாரோ படுத்தெழும்பிய முதிரைக் கட்டிலொன்றின் தலைப்பலகையை வாங்கிவந்தார். சீவினால் பட்டுச் சேலையைப் புரட்டினதுபோல் உள்ளே வெளிச்சம் ஓடியது. அதன் தூள் எனக்கு ஒத்துவராது, கழுத்தெல்லாம் சொறியும். சொறிந்துகொண்டே பக்கத்தில் நின்று பார்ப்பேன். முகப்பலகைக்கு மலைவேம்பு. கந்தளாயில் ஒரு மரக்காலையில் பலகை பலகையாகத் தூக்கி, நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டிக் காதைக் கொடுத்தார். மரக்காலைக்காரர் என்னைப் பார்த்து, ஐயாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நாற்பதாவது பலகையோ ஐம்பதாவதோ, தட்டினவுடன் கோவில் மணி ஓய்ந்தபிறகும் நிற்கிற மாதிரி ஒரு சத்தம் நின்றது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

விரல் ஓடுகிற பலகை கருங்காலி. அது ஒரு உடைந்த கதிரையின் பின்காலில் வந்தது. நரம்பு தாங்குகிற சின்னத் துண்டுகளுக்கு இறைச்சிக்கடை நானாவிடம் மாட்டெலும்பு கேட்டு வாங்கி, என் குசினிப் பானையில் அவித்து, வெயிலில் வெளுக்கப் போட்டார். அந்தப் பானையை நான் பிறகு சோற்றுக்கு எடுக்கவில்லை. பக்கங்களை வளைத்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரும்புக் குழாய்க்குள் சிரட்டைக் கரி எரிய, நனைத்த முதிரைத் தகட்டை அதன்மேல் வைத்து, அழுத்தாமல், கெஞ்சுகிறவர் மாதிரி வளைத்தார். மரம் வாசமாக ஆவி விட்டது. இடுப்பு வளைவு வந்ததும் சுடச்சுட அச்சுக்குள் வைத்து, சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டிச் சுற்றி இறுக்கினார். பெட்டி மூடும்வரை அச்சோடேயே சுவரில் தொங்கட்டும், வெளியே எடுக்கக்கூடாது என்றார்.

எடுத்தேன். அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், துடைத்து வைக்கலாம் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு, ரியூப்பைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்தேன். உள்ளே முகத்தை வைத்து மணந்தேன். முதிரையும் வச்சிரப் பசையும் அவர் போடுகிற சேட்டு மணமும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கட்டிலில் அவருடைய பக்கத்தில் வைத்தேன். மூன்று நாள் அது அங்கேதான் படுத்தது. நாலாம் நாள் பார்க்கிறேன், இடுப்பு ஒரு விரலளவு விரிந்துபோய்க் கிடக்கிறது. அச்சுக்குள் திரும்ப வைத்தால் போகவில்லை. பயத்தில் அவருக்குப் போன் எடுத்தேன். எங்கே வைத்தாய் என்று கேட்டார். கட்டிலில் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஈரத்துணியால் ஒத்தி, ஒரு நாளைக்கு ஒரு சுற்றாக ரியூப்பை இறுக்கச் சொன்னார். ஒன்பது நாளில் இடுப்பு திரும்பியது. அந்தச் சிரிப்பைத்தான் பிறகு வந்த வருசங்களில் நான் அதிகம் தேடினேன்.

முதல் கச்சான் வந்தது. லீவு தரவில்லை என்றார். இரண்டாவது கச்சானுக்கு, ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறேன், கூரை போட்டபிறகு உள்வேலை இருக்கிறதே என்றார். கூரை போட்டேன். உள்வேலையும் முடித்தேன். புது வீட்டில் தனியாகக் குடியிருப்பது என்ன சுகமென்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கச்சான் வீசுகிற மாதங்களில் வீட்டு மரமெல்லாம் சடசடவென்று நெட்டி முறிக்கும், அலுமாரி, கட்டில், கதவு நிலை எல்லாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பட்டறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். ஒன்றும் ஆகியிருக்காது. திறந்த பெட்டி வெடிக்காது, சுருங்க இடமிருக்கிறது. அந்த அறிவு எனக்கு இருந்தும் ஓடினேன்.

மூன்றாவது வைகாசியில்தான் பேச்சு மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை, கறி என்ன, மழை உண்டா என்று கதைத்துக்கொண்டிருந்தவர், சும்மா நினைவு வந்தவர்போல், அந்தப் பெட்டியை நீரே மூடிவிடும் என்றார். மூடி, கழுத்தை ஒரு நடுத்தரமாகச் சீவி, பொலிஷ் அடித்துப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடலாமாம்.

பெட்டியை மூடச் சொன்னால் வரமாட்டேன் என்றுதானே அர்த்தம். முதலில் நினைத்தது வேறு பொம்பிளை. பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் முழுக்க அதையே நினைத்தேன். அவளுக்கு ஒரு முகமும் கொடுத்து, பல்லும் கொஞ்சம் மிதப்பாக வைத்தேன். பிறகு எனக்கும் ஒரு தந்திரம் தோன்றியது. கழுத்தின் தடிப்பு ஆளுக்காள் வேறு. கிற்றார் கேட்டு வந்த ஒவ்வொருவரையும் அவர் பட்டறைக்கு வரச்சொல்லி, இடது கையில் கட்டையைக் கொடுத்துப் பிடிக்கவைத்து, நாலைந்து நாள் சீவிச் சீவிப் பார்ப்பார். ஆகவே அடுத்த முறை முகம் பார்த்துக் கதைக்கும்போது, யாருக்கோ கொடுப்பதற்கு நான் கழுத்துச் சீவமாட்டேன், உங்கள் அளவுக்குத்தான் செய்வேன், இடது கையைக் கமராவுக்குக் காட்டுங்கள், ஒரு பென்சிலைப் பிடித்துக் காட்டினால் போதும் என்றேன்.

அவர் லைன் சரியில்லை என்றார். அடுத்த கிழமை, வேலைக்கு நேரமாகிறது என்றார். அதற்கடுத்த கிழமை, உமக்குத் தெரியாத கையா என்றார். அது என்னைக் குத்தியது, ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருசம் பிடித்த கை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஒரு வருசத்துக்கு மேலாக அவர் போனைக் கையில் பிடித்துக் கதைத்ததில்லை. எதிலோ சாத்தி வைத்துவிட்டுத்தான் கதைப்பார். தேத்தண்ணிக் கோப்பை வலது கையில் வரும், போகும். இடது கை வருவதேயில்லை.

"கையைக் காட்டுங்கோ" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடி வாங்க நீட்டுகிறவர்போல் மெதுவாகத் தூக்கினார். பெருவிரல் இருந்தது. சுட்டுவிரல் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"மெசின் வாள்" என்றார். "போன வருசம். மாசிக்குள்ள."

நான் போனை வைத்துவிட்டேன். அழுதேன் என்று நினைப்பீர்கள். இல்லை, கோபம்தான் வந்தது. பதினைந்து மாதம் என்னோடு கறியையும் மழையையும் கதைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களிலும் கதைத்திருக்கிறார், வேலை கூடிப்போச்சு, களைப்பு என்று. பட்டறையில் யாருடையதோ ஒரு கதிரை பொலிஷுக்கு நின்றது. பஞ்சை அரக்கில் தோய்த்து அந்தக் கதிரையைத் தேய்த்தேன், தேய்த்தேன், முகம் பார்க்கலாம் போல் ஆகும்வரை தேய்த்தேன். அதன் கையில் என் முகம் தெரிந்தபோதுதான் அழுகை வந்தது.

மறுநாள் நான்தான் போன் எடுத்தேன். ஏன் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டேன். கம்பனி அவரை வேலையால் நிற்பாட்டவில்லை, சாமான் அறைக்கு மாற்றியிருந்தது. விரும்பினால் லீவில் வந்திருக்கலாம். அதற்கு அவர் சொன்னார்.

"அது சுவரில தொங்குது எண்டு தெரியும். அதுக்கு முன்னால வந்து இந்தக் கையோட என்னெண்டு நிக்கிறது? நீர் அதை ஆருக்கும் குடுத்துவிடும். பிறகு வாறன்."

அவரை வரவைக்கும் என்று இரண்டரை வருசமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெட்டி, பாதிக் காலம் அவரை வரவிடாமல் வைத்திருக்கிறது. கொடுத்துவிட்டால் ஆள் வருவார். வந்து, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவார். அப்படி ஒரு ஆளை எனக்கு வேண்டாம். எனக்கு வாசிக்கிற ஆள் வேண்டும்.

முகப்பலகையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி விரிப்பை அவிழ்த்தேன். அதன் அடிப்பக்கம் பலம் கொடுக்கவும் சத்தத்தைப் பரப்பவும் மெல்லிய கம்புகள் ஒட்டியிருக்கும். அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தடித்த நரம்பு வருகிற பக்கம் ஒரு விதம், மெல்லிய நரம்புப் பக்கம் ஒரு விதம். கண்ணாடியில் காட்டுவதுபோல் இடம்வலம் மாற்றினால், வலது கை கழுத்தைப் பிடிக்கவும் இடது கை நரம்பை மீட்டவும் ஒரு கிற்றார் கிடைக்கும். மீட்டுவதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். அவர் வச்சிரப் பசைதான் பாவிப்பார். சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். மேசைக் கத்தியைச் சூடாக்கி, ஒவ்வொரு கம்பாக, நகம் கழற்றுகிற மாதிரிக் கழற்றினேன். ஒரு கம்பு முறிந்துபோனது. மிச்ச மலைவேம்பில் புதிது சீவினேன். எல்லாவற்றையும் மாற்றி வைத்து, ஒட்டாமல், ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் விடிய ஒரு குரல் பதிவு வந்தது. சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை, தொண்டையைச் செருமிவிட்டு நேரே விசயத்துக்கு வந்தார். இடது பக்கத்து நீளக் கம்பு ஒரு நூலளவு உள்ளே வரவேண்டும், புதுக் கம்பின் நுனி தடிப்பு, இப்படியே ஒட்டினால் சத்தம் செத்துவிடும், ஒட்டவேண்டாம். கோபமாகத்தான் சொன்னார். பிழையான வேலையைக் கண்டால் வருகிற அந்தப் பழைய கோபம். நான் அதை ஏழெட்டுத் தரம் போட்டுக் கேட்டேன்.

சொன்னபடி திருத்தினேன். அவர் போனில் பார்த்து இன்னும் குறை சொன்னார், அதையும் திருத்தினேன். கடைசியாக, சரி, கழுத்துக்கு வலது கையைப் படம் எடுத்து அனுப்புகிறேன், பென்சில் பிடித்த மாதிரி என்றார்.

"படத்துக்கு நான் சீவமாட்டன்" என்றேன். "கையைக் கொண்டு வாங்கோ."

ஆனியில் வந்தார். ஒரு மாத லீவு. திரும்பிப் போகிற ரிக்கற்றும் கையோடு கொண்டுவந்து அலுமாரி லாச்சியில் வைத்தார். சாமான் அறை வேலை காத்திருக்கிறதாம். மெலிந்திருந்தார். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடி பட்டறைக்குள் போனார், நான் பின்னால் போகவில்லை. குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு மலைவேம்புப் பலகையை யாரோ விரல் மொழியால் தட்டுகிற சத்தம் கேட்டது.

கச்சான் நன்றாகக் காய்ந்து வீசிய ஒரு காலை பெட்டியை மூடினோம். பசையை நான் தடவினேன், பலகையை இருவரும் சேர்ந்து வைத்தோம். ரியூப் சுற்றும்போது அவருடைய இடது கை முதல் தடவையாகப் பையை விட்டு வெளியே வந்து, ஒரு முனையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தது. நான் அந்தக் கையைப் பார்க்காதவள்போல் சுற்றினேன்.

பிறகு கழுத்து. கட்டையை மேசைப் பிடியில் இறுக்கி நான் அரம் போடுவேன். கழற்றி நீட்டுவேன். அவர் வலது கையால் பிடித்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, இங்கே மேடு, அங்கே பள்ளம் என்பார். பழக்கமில்லாத கை, எங்கே பெருவிரல் வைப்பதென்று முதலில் அதற்கே தெரியவில்லை. நாள்முழுக்கப் பக்கத்தில் இருந்தோம். அவருடைய பயணம் ஒரு வியாழக்கிழமை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முந்தின சனிக்கிழமையே கழுத்து சரியாகிவிட்டது. இருபது வருசம் பொலிஷ் பஞ்சு பிடித்த கை என்னுடையது, எனக்குத் தெரியாதா? ஆனால் சொல்ல வாய் வரவில்லை. முடிந்துவிட்டது என்றால் பயணப் பை கட்டத் தொடங்கிவிடுவார். ஆகவே ஒரு தேய்ந்துபோன அரத்தாளை எடுத்தேன், மரத்தில் ஒரு தூசியும் எடுக்காதது. ஞாயிறு பூசையால் வந்து தேய்த்தேன், திங்கள் தேய்த்தேன், செவ்வாய், புதன். ஒவ்வொரு நாளும் நீட்டினேன், அவர் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

வியாழன் காலை கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருடைய பயணப் பை இன்னும் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. நான் கழுத்தைக் கழற்றி நீட்டினேன். கடதாசித் தடிப்பு வித்தியாசத்தையும் பெருவிரலால் தடவிச் சொல்லிவிடுகிற மனுசன். வலது கையால் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் ஓட்டினார். பிறகு என்னுடைய அரத்தாளைப் பார்த்தார். அது கண்ணாடி மாதிரி வழவழத்துப்போயிருந்தது.

கட்டையை என் கையில் திருப்பி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தடிப்புத்தான்" என்றார். "அவசரமில்லை, ஆறுதலாச் செய்யும்."